வியாழனைப் பார்க்க ஒரு ஸ்டூல்

கரியமாணிக்கத்தில் அன்று அறுபது பேர் டெலஸ்கோப்பில் கண் வைத்தார்கள். அறுபது பேரும் வியாழன் நன்றாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். அறுபத்தோராவதாக வந்த என் அம்மா மட்டும், "இன்னாடி இது, ஒண்ணுமே தெரியல" என்றாள்.

புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர்கள், கூட என்னென்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் லிஸ்ட்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்ததும் வில்லியனூரில் ஓர் அறிவியல் அமைப்பில் வேலை கிடைத்தது. வேனில் அறிவியல் மாடல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்ட வேண்டும். நான் சேர்ந்த மாதம்தான் ஆறு அங்குலக் கண்ணாடி வைத்த, கையால் திருப்பிக் குறிவைக்கும் டாப்சோனியன் வகை டெலஸ்கோப் வந்திருந்தது. பெட்டியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ், 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு இருந்தன.

"மத்த அக்சசரீஸுக்கு நீயே லிஸ்ட் போடும்மா. ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணு" என்றார் எங்கள் பொறுப்பாளர்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 6 மி.மீ. ஐபீஸ், உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ், கலர் ஃபில்டர் செட், மூன் ஃபில்டர் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த 6 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் சேர்த்தால் நானூறு மடங்கு. 25 மி.மீ. வெறும் நாற்பத்தெட்டு மடங்குதான். அதைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

2. தெரியுது, தெரியுது

முதல் நிகழ்ச்சியை எங்கள் ஊரான கரியமாணிக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். தை மாதக் கடைசி, அறுவடை முடிந்திருந்தது. ஏழு மணிக்குப் பள்ளி மைதானத்தில் வரிசை நின்றது. வியாழனைப் பிடித்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் "தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது, தெரியுது", "சூப்பரா கீது கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எல்லோருக்கும் தெரிகிறது என்று நம்பி, இடையில் நான் சரிபார்க்கவே இல்லை. வருகைப் பதிவேட்டில் கருத்து எழுதும் இடமெல்லாம் "நன்றாகத் தெரிந்தது" என்று நிரம்பியது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கட்டைவிரல் ரேகைக்கு எதிரேயும் அதையே நான் எழுதினேன்.

அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். இடுப்பு வலி. குனிய முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு கண் வைத்தாள்.

"இன்னாடி இது, ஒண்ணுமே தெரியல. கும்மிருட்டா கீது."

"நல்லா பாரும்மா. இவ்ளோ பேர் பாத்தாங்க."

"இவ்ளோ பேரு பாத்தா எனக்கு இன்னா? எனக்குத் தெரியல."

நான் கண் வைத்தேன். வியாழன் இல்லை. இருட்டுதான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மெதுவாக வாயைத் திறந்தாள். "எனக்கும் தெரியலதான். நீ சிரிச்ச மொகமா நிக்கற. எப்படி சொல்றது?"

"எனக்கும்தான்" என்றார் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றிருந்த மாமா. "படிச்சவங்களுக்குத்தான் தெரியும்போலன்னு வுட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமா சொன்னது அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது.

3. என் மேல் நானே கொடுத்த புகார்

மறுநாள் பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். பதிவேட்டைப் புரட்டிவிட்டு அவர் சிரித்தார். "ஊர்ல ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல. நீயே உன் மேல குடுக்கறியா?"

"அந்த ஊருக்கே இன்னொரு தடவ போகணும் சார்."

"போ. அங்கயும் சரியா வரலன்னா டெலஸ்கோப்ப பீரோவுல வெச்சிடுவேன். அப்புறம் பழைய மாடல்ஸ்தான் வேன்ல ஏறும்."

4. இரண்டாவது லிஸ்ட்

எங்கே தவறினேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். பூமி சுழல்வதால் வானத்தில் எல்லாமே நகர்கிறது. இந்த டெலஸ்கோப்பில் அதைத் தொடர மோட்டார் கிடையாது. நானூறு மடங்கில் வியாழன் அரை நிமிடத்துக்குள் காட்சியை விட்டு ஓடிவிடும். 6 மி.மீ. ஐபீஸில் கண் வைக்கும் துளையோ ஊசிமுனை அளவு. மூக்குக்கண்ணாடிக்காரர்கள் கிட்டவே போக முடியாது. குனிகிறவர்கள் தடுமாறிக் குழாயைப் பிடித்தால் குறியே மாறிவிடும்.

அதனால் 25 மி.மீ. ஐபீஸை வெளியே எடுத்தேன். அதில் காட்சி விரிவாக இருக்கும், வியாழன் சில நிமிடம் தங்கும். சீக்கிரம் குறிவைக்க ஒரு ரெட் டாட் ஃபைண்டர் கேட்டேன். சேதராப்பட்டில் ஒரு லேத் பட்டறையில், சுழற்றினால் உயரும் இரும்பு ஸ்டூல் ஒன்று செய்யச் சொன்னேன். "டெலஸ்கோப்புக்கு ஸ்டூலா? லேடீஸ் பார்லருக்குன்னு நெனச்சேன்" என்றார் பட்டறைக்காரர்.

கடைசியாக, நடுவில் வியாழனுக்கு ஒரு வட்டம் அச்சடித்த தாளும் பென்சிலும். "தெரியுதா?" என்று இனி கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். வட்டத்தைச் சுற்றி என்ன பார்த்தார்களோ அதை அவர்களே போட வேண்டும்.

5. மூன்றும் ஒன்றும்

மாசியில் அதே மைதானம். முதல் ஆளாக அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்து உயரத்தைச் சரிசெய்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண் வைத்தாள்.

"தோ! உருண்டையா, பாலாட்டம் வெள்ளையா ஒண்ணு நிக்குதுடி. இதுவா குரு பகவான்? கோயில்ல மஞ்ச துணி கட்டிக்கினு நிப்பாரே, அவரா?"

"அவரேதான்."

"கொண்டக்கடல மால எங்க?" என்று வரிசையில் இருந்து மாமா கத்தினார்.

"மால இல்ல. சுத்தி புள்ளி கீது. நாலு புள்ளி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவை வியாழனின் நிலாக்கள். தாளைக் கொடுத்தேன். கோலப்புள்ளி வைக்கிற வேகத்தில் வட்டத்துக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று வைத்தாள். போனில் இருந்த வானியல் ஆப்பைத் திறந்து ஒப்பிட்டேன். அதில் வலப்பக்கம்தான் மூன்று.

"அம்மா, மாத்திப் போட்டுட்ட. மூணு இந்தப் பக்கம்."

"பாத்தததான் போட்டேன். சந்தேகம்னா நீ குந்திப் பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கம்தான் மூன்று. கண்ணாடி வைத்த இந்த வகை டெலஸ்கோப் பிம்பத்தைத் தலைகீழாக, இடம் வலம் மாற்றித் திருப்பிக் காட்டும். கல்லூரியில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய பாடம் அது.

"இன்னா, யார் சொன்னது சரி?" என்றாள் பெரியம்மா.

"அம்மா சொன்னதுதான்" என்றேன்.

"அப்படின்னா படிச்சவளுக்குத்தான் தெரியலடி!" என்று அவள் கைதட்ட, மைதானமே சிரித்தது. இந்த முறை எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

டெலஸ்கோப் பீரோவுக்குப் போகவில்லை. இன்று பாகூர் பக்கமெல்லாம் போகிறது. பார்லோவும் கலர் ஃபில்டரும்தான் பீரோவில் இருக்கின்றன. அம்மாவின் தாளை ஐபீஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் அக்சசரீஸ் வாங்கப் போனால், யார் பார்க்கப் போகிறார்கள், அவர்களால் குனிய முடியுமா என்று முதலில் கேளுங்கள். எத்தனை மடங்கு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.