இறங்கு பாதையில் ஓர் ஆரஞ்சுக் கை

சின்ன விமானம் ஓட்டுகிறவனுக்கு ஆகாயத்தில் மேகம், பருந்து, தன் வீட்டைக் காட்டச் சொல்லி நச்சரிக்கும் பயணி என்று ஏற்கெனவே மூன்று தொல்லைகள் உண்டு. இப்போது நான்காவதாக ட்ரோன் வந்து சேர்ந்திருக்கிறது.

பெஹாலாப் பக்கம் ஒரு விமானத் திடலில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம்; திடலுக்கும் மானம் உண்டு. ஆசைப்பட்டு வருகிறவர்களை நான்கு இருக்கை விமானத்தில் ஏற்றி, கொல்கத்தாவைச் சுற்றிக் காட்டி, முழுசாக இறக்கிவிட வேண்டும். 'முழுசாக' என்ற சொல்லில்தான் இப்போது சிக்கல். செய்தித்தாள்கள் ட்ரோனை ஆளில்லா விமானம் என்று எழுதுகின்றன. தவறு. ஆள் இருக்கிறார், தரையில் பத்திரமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் டிவி ரிமோட் தங்கள் கைக்கு வரவே வராத வாசகர்கள் என் துயரத்தை உடனே புரிந்துகொள்வார்கள். யாரோ பொத்தானை அமுக்க, நாம் அனுபவிக்கிறோம்.

தலை வாராத மாமி

அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பாலிகஞ்சிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பிள்ளைகள் பரிசாகக் கொடுத்த சவாரி. ஊரெல்லாம் சுற்றிவிட்டு இறங்கும்போது, மொட்டை மாடிகளுக்குச் சற்று மேலே, எனக்கு நேர் எதிரே ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. நான்கு கைகள். அதில் ஒரு கை மட்டும் ஆரஞ்சு. உடைந்து மாற்றியிருப்பார்கள் போலிருக்கிறது.

பருந்து என்றால் பிரச்சினை இல்லை. அது நம்மைப் பார்த்ததும் இறக்கையை மடக்கிக் கீழே பாயும், நாம் மேலே ஏறிவிடலாம். அதற்குக் கண் உண்டு, உயிர்மேல் ஆசையும் உண்டு. இந்தப் பெட்டிக்கு இரண்டும் இல்லை. இஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி, மூக்கைத் தூக்கி, அதற்கு மேலாகத் தப்பித்து இன்னொரு வட்டம் அடித்து இறங்கினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாமிதான் கேட்டார்:

"அது நம்மளைப் போட்டோ எடுத்துதா? சொல்லியிருக்கப்படாதா, நான் தலைகூட வாரிக்கலையே."

அடையாளம்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். வண்டி மோதப் பார்த்தது என்பது வரை அவருக்குப் புரிந்தது. எந்தச் சாலை என்று கேட்டார். சாலை இல்லை, ஆகாயம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

ட்ரோன்களுக்கும் பதிவு எண் உண்டு. எறும்பு அளவில் ஒட்டியிருக்கும். இதை நான் விளக்கியிருக்கக் கூடாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரொம்ப சுலபம் கேப்டன்பாபு. அடுத்த தடவை பக்கத்துல வரும்போது அந்த நம்பரை மட்டும் படிச்சுட்டு வந்துடுங்க."

தவறு யார் பக்கம்

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் முகர்ஜி காக்கு பிடித்துக்கொண்டார்; காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. கல்லூரியில் தத்துவம் போதித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் நிறுத்தவில்லை. ட்ரோன் மோதினால் என்ன ஆகும் என்றார். விசிறி உடையலாம், முன்கண்ணாடி உடையலாம், அதற்குப் பின்னால் என் முகம் இருக்கிறது என்றேன். கண்ணை மூடி யோசித்தார். ட்ரோனுக்குள் யாருமில்லை, ஆகவே அதனால் யாரும் சாகப்போவதில்லை என்று நிறுவினார். நான் இருக்கிறேனே என்று என்னை ஆதாரமாகக் காட்டினேன்.

"அதைத்தான் சொல்றேன். அவங்க யாரையும் உள்ள உட்கார வைக்கல. நீ ஏன் போய் உட்கார்றே?"

உத்தரவாதம்

எங்கள் விமானத்தைப் பராமரிப்பவர் ஹாரு தா; இங்கே தா என்றால் அண்ணன். விமானத்துக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்கு முகம் சுண்டும். எனக்கு வந்தால் விசாரிப்பதோடு சரி. முன்கண்ணாடி தாங்குமா என்று அவரைக் கேட்டேன். நாம் கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர, அது ஒரு வகை பிளாஸ்டிக். அவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அந்த ஆரஞ்சுக் கைக்காரன் யாரென்று தெரியும் வரை பயணிகளை ஏற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். நிர்வாகத்துக்கோ பூஜை சீசன் நெருங்குகிறது, சவாரிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்ற கவலை. ஹாரு தா என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன்; பேசவும் செய்தார்.

"கேப்டன், இந்த வேகத்துல எதிர்ல ஒரு ரசகுல்லா வந்தாக்கூட நான் பொறுப்பில்ல."

குழந்தைக்கும் ஒரு பொட்டு

விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜைக்கு வங்காளத்து அண்ணன். சில வாரங்கள் முன்னதாகவே வந்துவிடுவார். அன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. விமானத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மூக்கில் சிந்தூரம் வைப்போம். அக்கம்பக்கத்தில் இயந்திரம் வைத்திருக்கும் யாரும் எங்கள் பூஜைக்கு வரலாம். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா ஓட்டுகிறவர் தன் வண்டியோடு வந்தார், தையற்காரர் மிஷினோடு வந்தார். கல்யாணப் போட்டோ எடுக்கும், பாப்பா என்று செல்லப்பெயர் கொண்ட இளைஞன், சிரித்த முகத்தோடு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, பயபக்தியோடு திறந்து, எங்கள் விமானத்தின் மூக்குக்கு நேர் கீழே வைத்தான்.

வெள்ளை உடம்பு. ஒரு கை மட்டும் ஆரஞ்சு.

போலீஸால் பிடிக்க முடியாததைப் பூஜை பிடித்துக் கொடுத்துவிட்டது. சன்னிதியில் கத்தக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, இங்கே பறக்கவிடக் கூடாது என்று தெரியாதா என்றேன். ட்ரோன் வரைபடத்தில் இந்த இடத்தைத் தடை என்று சிவப்பாகத்தான் காட்டியது, அதனால்தான் மாடியில் ஏறிப் பறக்கவிட்டதாகச் சொன்னான்; சிவப்பு தரைக்கு மட்டும் என்று நினைத்தானாம். கூடவே போனை எடுத்துக் காட்டினான். மாடியில் மணமகள் முக்காட்டை விலக்குகிறாள், பின்னால் ஒரு வெள்ளை விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறி ஏறுகிறது. உள்ளே நான், என் பின்னால் தலை வாராத மாமி. அந்தக் காட்சி எல்லோருக்கும் பிடித்துப்போய், விமானமே பார்க்காத கல்யாணங்களிலும் அதை ஒட்டிக் கொடுக்கிறானாம். என் மரண பயம் பல குடும்பங்களின் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் புரோகிதர் சிந்தூரக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். விமானத்தைப் பார்த்தார், ட்ரோனைப் பார்த்தார், அதற்கும் கனிவோடு ஒரு பொட்டு வைத்தார்.

"குழந்தை அம்மா சாயல்தான். எப்பவும் கூடவே பறக்கட்டும்."

போ காட்டா

அன்று பெஹாலா ஆகாயத்தில் இடமே இருக்காது. விஸ்வகர்மா பூஜை என்றால் மாடிக்கு மாடி பட்டம். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலால் ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுப்பார்கள். அறுந்ததும் தெருவே 'போ காட்டா', அதாவது 'அறுந்தது' என்று முழங்கும். எனக்கு மட்டுமல்ல, பருந்துகளுக்கும் அன்று விடுமுறை.

பிரசாதக் கிச்சடியைச் சாப்பிட்டு முடித்ததும் பாப்பா பெட்டியோடு எழுந்தான். இனி இந்தப் பக்கம் பறக்கவிட்டால் போலீஸுக்கு நம்பரோடு போவேன் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். பக்தியோடு தலையாட்டினான். இன்று உங்கள் ப்ளேன்தான் பறக்காதே, பட்டங்களை மட்டும் மேலிருந்து எடுத்துவிட்டு வருகிறேன் என்றான். பட்டத்து நூல் விசிறியில் சிக்கும் என்று எச்சரிக்க வேண்டியது என் கடமை. வாயில் கிச்சடி இருந்தது. மெதுவாக மென்றேன்.

திடலுக்கு வெளியே போய் ஏற்றினான். பொட்டு வைத்த நெற்றியோடு அது பட்டங்களுக்கு நடுவே போய் நின்றது. ஒரு சிவப்புப் பட்டம் பக்கத்தில் வந்தது. இன்னொன்று வந்தது. ஆரஞ்சுக் கை ஒரு தடவை உதறிக்கொண்டது. பிறகு மொத்தமும் கல்லைப் போலக் கீழே இறங்கியது. எங்கோ ஒரு மாடியிலிருந்து சங்கு ஊதினார்கள், தெருவே முழங்கியது. என் பக்கத்தில் நின்ற ஹாரு தாவும் முழங்கினார். நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை.

பாப்பா ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது. உண்மையிலேயே எனக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கேப்டன் தா, ஒரே ஒரு ரவுண்டு உங்க ப்ளேன்ல தாழ்வாப் போய், அது எந்த மாடியில கிடக்குதுன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

என் இறங்கு பாதையைக் காக்கச் சட்டம், வரைபடம், போலீஸ் எல்லாம் தயாராக இருந்தும், கடைசியில் அதைக் காத்துக் கொடுத்தது பெஹாலாவில் பெயர் தெரியாத யாரோ ஒருவரின் காகிதப் பட்டம் என்பதை உரிய மரியாதையோடு இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.