ஐந்து ஏக்கருக்கு ஏற்ற துப்பாக்கி

காலையில் காப்பியோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தால் என் நிலத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பின்னங்கால்களில் நேராக எழும்பி, முன்னங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு, தாசில்தார் அறை வாசலில் காத்திருக்கும் ஆளைப் போல நிற்பார். பெயர் கிரவுண்ட்ஹாக். நம்மூர்ப் பெருச்சாளியை நாய்க்குட்டி அளவுக்கு ஊதிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. புல்லைத் தின்னும், அவரைச் செடியைத் தின்னும், தரைக்கடியில் ஆள் கால் நுழையும் அகலத்துக்கு வளை தோண்டும். நான் ஜன்னல் கதவைத் தட்டினால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். நானும் பதிலுக்குப் பார்ப்பேன். யார் யாருடைய நிலத்தில் குடியிருக்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நான் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரன். பதினாறு வருஷம் கம்ப்யூட்டர் தட்டிச் சேர்த்த காசில், அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கினேன். விவசாயி மகன் என்ற திமிர்தான் காரணம். உண்மையில் நான் அங்கே செய்த விவசாயம் இருபது அவரைச் செடி. மீதி நிலத்தில் புல் வளர்ந்தது. அதைப் பக்கத்துப் பண்ணைக்காரர் கார்ல் தன் மாடுகளுக்காக அறுத்துக்கொண்டு போவார். அவருக்குத் தீவனம், எனக்கு நிலம் சுத்தம். ஊருக்குப் போன் செய்யும்போது மட்டும் “இன்னைக்கு நம்ம கொல்லையில அறுப்பு” என்று பீற்றிக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு நாள் கார்லின் டிராக்டர் சக்கரம் வளைக்குள் இறங்கிவிட்டது. எழுபது வயது மனிதர், தோள்பட்டை கம்பியில் இடித்து வீங்கிப்போனது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அடுத்த அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் அதை ஒழி. இல்லையென்றால் நான் வேறு நிலம் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

என் மனைவி செல்விக்கு இந்த நிலத்தின் மேல் என்றைக்குமே பிரியம் கிடையாது. “புல்லு அறுக்கவும் ஆள் இல்லன்னா எதுக்குங்க இந்த எழவு? வித்துட்டு டவுனு பக்கம் போயிரலாம். அக்கம்பக்கத்துல நாலு தமிழ் மூஞ்சியாவது தெரியும்” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. நிலம் போனால் நான் வெறும் கம்ப்யூட்டர்காரன்.

முதலில் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். எங்கள் ஊரில் மலையடிவாரத்துக் கொல்லைகளுக்குள் காட்டுப்பன்றி இறங்கி நிலக்கடலையைத் தோண்டித் தின்றுவிடும். கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய புடவைகளைக் கட்டி வைப்போம். ஆள் நடமாட்டம் என்று பன்றி மிரளும் என்று நம்பிக்கை. எங்கள் அம்மாவின் கல்யாணப் புடவையைத் தவிர மற்றதெல்லாம் கொல்லையில்தான் கிழிந்தது. நான் செல்வியின் ஆறு புடவைகளை அவரைச் செடிகளுக்கும் வளைக்கும் நடுவே கட்டினேன். கார்ல் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, “வீட்டில் கல்யாணமா? வாழ்த்துகள்” என்றார். கிரவுண்ட்ஹாக் புடவைக்கு அடியில் குனிந்து நுழைந்து, நிழலில் உட்கார்ந்து அவரையைத் தின்றது. செல்வி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

துப்பாக்கிதான் என்று முடிவானது. சொந்த நிலத்தில் இதைச் சுட இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தத் துப்பாக்கி? குண்டின் விட்டத்தைக் காலிபர் என்கிறார்கள். அதற்குள் ஒரு சமுத்திரமே இருக்கிறது. பாயிண்ட் டூ டூ மலிவு, சத்தம் குறைவு, ஆனால் தூரம் போனால் தொய்ந்துவிடும், தரையில் பட்டுத் தெறித்து வேறெங்காவது போய்ச் சேரும். டூ ட்வென்டி த்ரீ முந்நூறு கெஜம் தாண்டியும் அடிக்கும், சத்தத்தில் ஊரே எழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் செவன்டீன் என்று ஒரு பொடிக் குண்டு. ஆபீஸ் நேரத்தில் எக்செல் போட்டேன். வேகம், எடை, காற்றில் விலகும் அளவு எல்லாவற்றையும் நிரப்பினேன். பெண் பார்க்கும்போதுகூட நான் இத்தனை விசாரித்ததில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. கிரவுண்ட்ஹாக் இன்னும் கொஞ்சம் பருத்தது.

கடைக்குப் போனபோது நான் செய்த காரியத்தை ஊர்க்காரர்கள் புரிந்துகொள்வார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கொண்டுபோனேன். நிலப் பத்திரத்தின் ஜெராக்ஸ், ஆபீஸில் வாங்கிய நன்னடத்தைக் கடிதம், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, வளையின் படம், சேதமான அவரைச் செடியின் படம். மேலே ஒரு விண்ணப்பம், “ஐயா” என்று தொடங்கி. நான் காலேஜில் படித்தபோது அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் கேட்டார். விண்ணப்பம் எழுதியது நான்தான். வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து, தாலுகா ஆபீஸ், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று இரண்டு வருஷம் அப்பா ஃபைலோடு தர்மபுரிக்கும் ஊருக்கும் பஸ் ஏறினார். லைசென்ஸ் வரும் என்றும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

கவுன்டரில் இருந்த அம்மாள் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளையின் படத்தைப் பார்த்து “நல்ல பெரிய குழி” என்றார். பிறகு, “எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

“இருபது மைல்” என்றேன், எங்கள் வீட்டிலிருந்து வந்த தூரத்தை.

“அவ்வளவு தூரத்துக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. ராணுவத்தில் கேட்டுப் பாருங்கள்” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் கேட்டது சுடும் தூரத்தை. மானம் போனது. ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் கார்லிடமே போய் எக்செல்லைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. என்னை நிலத்துக்குக் கூட்டிவந்து, வளையிலிருந்து நான் சுடப்போகும் இடம்வரை காலால் அளந்து நடந்தார். தொண்ணூறு அடி வைத்தார், பெரிய அடிகள். “வளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். ஒரு பக்கம் மண் மேடு. மறுபக்கம் அவருடைய மாடுகள். “மேட்டை நோக்கி மட்டும் சுடு. செவன்டீன் போதும், பட்ட இடத்தில் உடைந்துவிடும். பெரியது வாங்கினால் என் மாட்டைக் கொல்வாய்.” இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மறுபடி கடைக்குப் போனேன். ஃபைலை எடுத்துப் போகவில்லை. படிவத்தை நிரப்பினேன், கிரீன் கார்டைக் காட்டினேன், எங்கோ சரிபார்த்தார்கள், அரை மணி நேரத்தில் துப்பாக்கி என் கையில். வாங்கி வெளியே வந்த பிறகும், யாராவது பின்னால் கூப்பிடுவார்கள் என்று வண்டி அருகில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கார்ல் குறிக்கென்று நட்டுவைத்த அட்டையில் நாலு நாள் சுட்டுப் பழகினேன். ஐந்தாம் நாள் காலை அது எழும்பி நின்றது. பின்னால் மேடு. ஒரே குண்டு. அப்படியே சரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குதித்தேன் என்றுகூடச் சொல்லலாம். கிட்டே போய்ப் பார்த்தபோது அதன் வாயில் அவரை இலை இருந்தது. அப்போது கொஞ்சம் குறைந்தது. வளைகளை மூடினேன். சனிக்கிழமை கார்ல் வந்து அறுத்தார். போகும்போது என் முதுகில் ஒரு தட்டு தட்டினார். செல்வி வீடு விற்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிறு காலை, இன்னொன்று இருக்கிறதா பார்க்கலாம் என்று துப்பாக்கியோடு நிலத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். வீடியோவில் அப்பா கூப்பிட்டார். அங்கே சாயங்காலம், கொல்லையில் நின்றிருந்தார்.

“கையில என்னடா அது?”

“துப்பாக்கிப்பா. பெருச்சாளி மாதிரி ஒண்ணு தொந்தரவு பண்ணுச்சி. சுட்டுட்டேன்.”

“லைசென்சு யாரு குடுத்தாங்க?”

“நம்ம நெலத்துல சுட இங்க அதெல்லாம் கேக்கறதில்லப்பா. கடையில வாங்கினேன்.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானு இந்த வருசம் கடலை போடலடா. மூணு வருசமா பன்னிக்குத்தான் வெதைச்சிக்கிட்டு இருந்தேன். போதும்னு வுட்டுட்டேன்.”

“சொல்லவே இல்லயேப்பா.”

“சொன்னா நீ என்ன பண்ணுவ? செரி, அதக் கிட்டக் காட்டு.”

காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பன்னிக்குப் பத்துமா?”

“பத்தாதுப்பா. பன்னிக்குப் பெரிசு வேணும்.”

“எது?”

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. எந்தக் காலிபர், எத்தனை கெஜம், பன்றியின் தோள் எலும்புக்கு எந்த எடைக் குண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டிக் கேட்டார்.

“உங்கூர்ல கெடைக்குதா?”

உங்கூர் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

“கெடைக்கும்ப்பா. அரை மணி நேரத்துல.”

“செரி” என்றார். போனை வைக்கவில்லை, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுக்க அவருக்குப் பின்னால் விதைக்காத செம்மண், மலையடிவாரம் வரைக்கும். மூலையில் சின்னக் கட்டத்துக்குள், அறுத்த புல்லுக்கு நடுவில், துப்பாக்கியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.