சுவரில் ஏறாத பனிக்காலம்

அந்த டீச்சரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கைவேலையைப் பிள்ளைகளா செய்கிறார்கள்? அம்மாக்கள் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த டிசம்பரில் வந்தது குளிர்கால ஸ்கிராப் புக். ஐந்தாம் வகுப்பை டீச்சர் மூன்றாகப் பிரித்திருந்தார். கைவேலை வராத பிள்ளைகள் அச்சடித்த படத்தை வெட்டி ஒட்டினால் போதும். ஓரளவு வருகிறவர்கள் தாங்களே வரைந்து, பஞ்சும் ஜிகினாவும் ஒட்ட வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பக்கத்தைத் திறந்தால் ஏதாவது எழுந்து நிற்க வேண்டும். மாதிரி என்று அனுப்பியிருந்தது பஞ்சில் செய்த ஒரு பனிமனிதன் பொம்மை. கழுத்தில் மஃப்ளர், மூக்குக்குக் கேரட். செஞ்சியில் எவன் பார்த்தான் அதை?

மூன்று ரகத்துக்கும் நானே வடிவம் போட்டேன். எல்லா அம்மாக்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்டார்கள்.

"ரொம்ப நீட்டா வேணாங்க்கா. டீச்சர் கண்டுபுடிச்சிடுவாங்க. புள்ள செஞ்ச மாதிரியே இருக்கட்டும்."

அதனால் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்துக் கோணலாக வெட்டினேன். பசையை வழியவிட்டேன், முதல் ரகத்துக்கு அதிகம், மூன்றாவதுக்குக் கொஞ்சம். சுண்டுவிரலை மையில் தொட்டு ஓரத்தில் அழுக்கு ரேகைகூட வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

என் மகளும் அதே வகுப்புதான், கெட்டிக்காரப் பிரிவு. அவள் என்னைத் தொடவே விடவில்லை. கடை மூலையில் உட்கார்ந்து நான்கு நாள் செய்தாள். செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையை வரைந்து, வெட்டி, நிற்கவைத்தாள். அதற்கு முன்னால் பட்டர் பேப்பரை மூன்று அடுக்காகத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு தாளாகத் தூக்கினால் மார்கழிப் பனி விலகி மலை தெரியும், பிறகு கோட்டைச் சுவர் தெரியும், கடைசியில் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கும் ஒரு பெண் தெரிவாள். ஒரு கோணல் இல்லை, ஒரு சொட்டுப் பசை வெளியே வரவில்லை. சத்தியமாக எனக்கே அப்படி வராது.

இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சியாக வைத்த அன்று போனேன். சுவர் முழுக்க நான் செய்தவை. மகளுடையது மட்டும் மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது.

"இன்னா டீச்சர், இத ஏன் மாட்டல?"

டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அழகாத்தான் இருக்குது. ஆனா பெரியவங்க கைன்னு பாத்தாலே தெரியுது. நீங்க கடை வேற வெச்சிருக்கீங்க. மத்த பசங்கள பாருங்க, கோணலோ மாணலோ, அவங்களே செஞ்சிருக்காங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பிள்ளையைப் பொய்க்காரி என்றல்லவா சொல்கிறார்! நான்கு நாள் கழுத்து வலிக்கக் குனிந்து செய்தவளுக்கு இதுவா மரியாதை? ஆனால் அவள் செய்தது என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. சுவரில் இருப்பதெல்லாம் யார் செய்தது என்று நான் சொல்ல வேண்டும். அந்த அம்மாக்கள் அங்கேயே பிள்ளைகளை நிறுத்திப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளேதான் செஞ்சா டீச்சர்."

"எல்லா அம்மாவும் அப்படித்தாங்க சொல்றாங்க."

மகள் கையைப் பிடித்துக் கிளம்பிவிட்டேன்.

வெளியே வண்டியை எடுக்கும்போது மகள் கேட்டாள்.

"மத்ததெல்லாம் நீ செஞ்சதுன்னு சொல்லியிருந்தா, என்னுத மாட்டியிருப்பாங்க இல்லம்மா?"

"நமக்குக் கடை இருக்குது இல்ல, கண்ணு."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. சரி என்று தலையாட்டினாள். அவள் செய்த பக்கத்தைக் கேட்டு வாங்கிவரக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள்தான் திரும்பி ஓடி, பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.