நான்காவது ஸ்க்ரூ

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளின் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதற்காகச் செய்த சாமான் அது. நாங்கள் அதை வைத்து ஃபேன் மாட்டுவோம், பெயிண்ட் டப்பா திறப்போம், மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றுவோம், முதுகு சொறிவோம். எந்த ஸ்க்ரூவின் தலையிலும் டெஸ்டரை வைத்து ஒரு திருகு திருகிப் பார்க்காமல் யாரும் ரிப்பேர்காரனைக் கூப்பிடுவதில்லை. என் பிழைப்பில் பாதி அந்தப் பழக்கம் போட்ட சோறு.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு ரிக் வண்டியில் ஏறி ஆந்திராவிலும் அதற்கு மேலேயும் போர்வெல் போட்டேன், சூரமங்கலத்தில் ஓட்டலில் இலை எடுத்தேன், அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு குடோனுக்குக் காவல் இருந்தேன். எதிலும் ஒரு வருஷம் நின்றதில்லை. இப்போது மொபெட்டின் பின்னால் ஒரு மரப்பெட்டி. சேந்தமங்கலத்தைச் சுற்றி மிக்சி, கிரைண்டர், ஃபேன் பார்க்கிறேன். ரிக்கில் இருந்தபோது வலது கை ஆள்காட்டி விரலின் நுனி இரண்டு குழாய்களுக்கு நடுவே போய்விட்டது. மீதி இருக்கும் இடத்தில் உணர்ச்சி இல்லை. பெரிய நட்டு போல்ட்டுக்கு அதனால் இடைஞ்சல் கிடையாது. பொடி ஸ்க்ரூ மட்டும் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

போன பங்குனியில் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் வழியில் ஒரு பெண் சன்னலில் இருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்கண்ணா, மிக்சி மட்டுந்தான் பாப்பீங்களா, கோழிப் பொட்டியும் பாப்பீங்களா?"

"கோழிக்கு எதுக்கு அம்மிணி பொட்டி?"

"குஞ்சு பொரிக்கறதுக்குங்க. உள்ள வாங்க, என்னால எந்திரிச்சு வர முடியாது."

உள்ளே போனதும் ஏன் முடியாது என்று புரிந்தது. தெர்மாகோல் பெட்டி ஒன்று, மூடியில் கண்ணாடி, உள்ளே வரிசையாக நாட்டுக்கோழி முட்டைகள், ஒரு பல்பு, ஒரு சூடு அளக்கும் கம்பி. பெட்டிக்கு வெளியே சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. சூடு குறைந்தால் பல்பைப் போடுவதும் ஏறினால் அணைப்பதும் அதன் வேலை. அந்தக் கருவி காலையில் நின்றுவிட்டது. பல்பை நேராக ஒரு சுவிட்சில் மாட்டி, சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே போட்டு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய புருஷன் லாரி டிரைவர், லோடு நடை போய்விட்டு வந்திருந்தார். அவர் சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

"ஆக்சிலையே அசால்ட்டாக் கழட்டறவன் நானு," என்றார். "இந்த எறும்பு சைஸு ஸ்க்ரூகிட்டத் தோத்துட்டனுங்க."

"தோத்தீங்களா, அதைக் கொன்னு போட்டீங்களா?" என்றாள் அவள், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.

வேலை பார்த்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டேன். நூல் மில்லில் பல வருஷம் வேலை செய்தவள். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன் என்று நின்றாள். வீட்டில் சம்மதித்தது ஒரே பேச்சில்: இரண்டு ஈடு பொரித்துப் பார்ப்பது, இரண்டும் வீணானால் மறுபடியும் மில் வேன் ஏறுவது. முதல் ஈடு சூடு ஏறி வெந்துவிட்டது. இது இரண்டாவது. முட்டைகள் கடைசி நாட்களில் இருந்தன. அந்த நாட்களில் பெட்டியைத் திறக்கக்கூடாது, முட்டையைத் தொடக்கூடாது, சூடு மட்டும் விட்டுப் போகக்கூடாது. புதுக் கருவி பார்சலில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நேரம் தூங்காமல் இருப்பாள்?

கருவியின் மூடி லேசில் வந்தது. உள்ளே பச்சைப் பலகை ஒன்று, நான்கு மூலையிலும் நான்கு பொடி ஸ்க்ரூ. என் பெட்டியில் இருந்த டெஸ்ட் பல்பை அதில் மாட்டி, பலகையைக் காய்ந்த குச்சியால் அழுத்தினால் பல்பு எரிந்தது, விட்டால் அணைந்தது. அடிப்பக்கம் எங்கேயோ ஈயப்பற்று விட்டிருக்கிறது. பலகையைத் தூக்கினால்தான் பற்றுவைக்க முடியும். கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என்னிடம் இருந்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டேன். அது அந்தத் தலைக்குக் கொஞ்சம் பெரிசு. மூன்று ஸ்க்ரூ எப்படியோ வந்துவிட்டன. நான்காவது, புருஷன் டெஸ்டரால் திருகிப் பார்த்தது. நானும் அழுத்தித் திருகினேன், வழுக்கியது. சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி நடுவில் வைத்துத் திருகினேன், டியூப் கிழிந்தது. முடிவில் அந்தத் தலையில் இருந்த நட்சத்திரம் போய் வெறும் குழி ஆகிவிட்டது. குறடு போட்டுப் பிடிக்கலாம் என்றால் பக்கத்தில் இருக்கும் சாமான்கள் என் குறட்டுக்கு இடம் கொடுக்கவில்லை.

"நெம்பிறலாமுங்களா?" என்றார் புருஷன்.

"நெம்புனா பலக ரெண்டாப் போயிரும். எங்கிட்ட இதுக்குச் சாமான் இல்லீங்க. சேந்தமங்கலம் போயிட்டு வாரேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். வாரேன் என்று போன எத்தனையோ ரிப்பேர்காரர்களைப் பார்த்திருப்பாள். "வந்துருவீங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள். மரப்பெட்டியை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, கழன்ற ஸ்க்ரூவில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சேந்தமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. முன்னால் ஒரு பாய் சார்ஜரும் கவரும் விற்றுக்கொண்டிருந்தார். பின்னால் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் அவருடைய மகள், முக்காடு போட்ட பெண், யாருடைய போனையோ பிரித்து வைத்திருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் பாய், "எந்த ஊருங்க நீங்க? கடை எங்க?" என்று கேட்டார். எந்த ஊர்க்காரரும் என்னிடம் முதலில் கேட்பது அதுதான். பதில் சொல்ல எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும்.

"இருங்க அத்தா," என்றாள் மகள் அப்பாவிடம். "ஸ்க்ரூ எங்கண்ணா?"

ஸ்க்ரூவைக் கொடுத்தேன். போனில் எடுத்து வந்த படத்தையும் காட்டினேன். பெரிசாக்கிப் பார்த்தாள்.

"டெஸ்டர் போட்டீங்களா?"

"நானில்ல சாமி. அவங்க ஊட்டுக்காரரு."

"எல்லா ஊட்லயும் ஊட்டுக்காரர்தான். அதுக்கப்பறம் பெரிய ஸ்டார் போட்டிருக்கு. அது யாரு?"

பாய் சிரித்தார்.

ஸ்க்ரூவை விளக்கடியில் திருப்பி என்னையும் பார்க்கச் சொன்னாள். மரையில் சிவப்பாக ஒரு பொட்டு. நான் அதைத் துரு என்று நினைத்திருந்தேன். ஆட்டத்தில் கழன்று விடாமல் இருக்க வைக்கும் பசையாம் அது. "நீங்க எவ்வளவு அழுத்துனாலும் பசை விடாதுண்ணா. சூடு காட்டினா விட்டுரும். சால்டரிங் நுனிய ஸ்க்ரூ தலை மேல கொஞ்ச நேரம் வைங்க. அப்பறம் இதால தலையோட விளிம்பப் பிடிச்சு எடப்பக்கம் திருப்புங்க. குழிக்குள்ள இனி எதையும் விடாதீங்க."

'இது' என்று அவள் தந்தது சுண்டு விரல் பருமன்கூட இல்லாத நுனி கொண்ட ஒரு குறடு. அப்போதுதான் அதை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். கூடவே தன் டிரைவர்களில் ஒவ்வொன்றாக என் ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்து, ஆடாமல் நின்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதே அளவில் ஒரு புது ஸ்க்ரூவும் தேடித் தந்தாள்.

"திரும்பி வருமாம்மா அது?" என்றார் பாய், என் காது கேட்கவே.

"வேலை முடிஞ்சா வருமுங்கத்தா."

நான் என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன். "நேரம் போவுதுண்ணா, முட்டை ஆறிரப் போவுது, போங்க," என்றாள். கடையோ விலாசமோ இல்லாத ஒருவனிடம் தன் கைச்சாமானைக் கொடுத்துவிட்டு, அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பிரித்த போன் அப்படியே கிடந்தது.

திரும்பிப் போனபோது அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. அவள் கை சுவிட்சில். பக்கத்தில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னா உட மாட்டேங்கறாளுங்க," என்றார் புருஷன்.

"போனைப் பாத்துட்டே ஆம்லெட் போட்டுருவீங்க."

புருஷன் டார்ச் அடித்தார். சால்டரிங் நுனியை ஸ்க்ரூவின் தலையில் வைத்து, கருகல் வாசம் வந்ததும் எடுத்தேன். அந்தச் சின்னக் குறடு இரண்டு சாமான்களுக்கு நடுவில் எதையும் தொடாமல் இறங்கியது. விளிம்பைப் பிடித்து, இடப்பக்கம். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குத்தான் கேட்டது, மணல் நெரிபடுவது போல ஒரு சத்தம். ஸ்க்ரூ அசைந்துவிட்டது. அதற்குமேல் அது தானாகவே ஏறி வந்தது.

பலகையின் அடியில் ஒரு காலைச் சுற்றிப் பற்று விட்டிருந்தது. புதிதாக ஈயம் வைத்தேன். அந்தப் பெண் கொடுத்த டிரைவரால் நான்கையும் முடுக்கினேன். சரியான டிரைவர் தலைக்குள் உட்காரும்போது கைக்குப் பலமே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் நான் எதற்கு அவ்வளவு அழுத்தினேன் என்று தோன்றியது.

கருவியை மாட்டினோம். பல்பு எரிந்தது. சூடு ஏறியதும் தானே அணைந்தது. அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள், ஆனால் அதன் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பல்பு மறுபடியும் எரிந்து மறுபடியும் அணைந்த பிறகுதான் எழுந்தாள். காலை நீட்டி மடக்கிவிட்டு, எனக்குப் புதுசாக டீ வைக்கப் போனாள்.

பொழுது சாயும் முன்பே குறட்டையும் டிரைவரையும் செல்போன் கடைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் குறட்டின் நுனியை விளக்கடியில் பார்த்தாள்.

"நெம்பலையே?"

"இல்ல சாமி."

"வெச்சுக்கங்கன்னு சொல்ல மாட்டேன், எனக்கு வேணும். சேலத்துல எங்க கெடைக்கும்னு சொல்றேன்."

சொன்ன இடத்தில் அடுத்த வாரமே வாங்கினேன். குறட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று பாய் ஊரைக் கேட்கவில்லை, டீ சொன்னார்.

பெட்டி சரியான வாரத்தின் கடைசியில் அதே வழியாக வந்தபோது, சன்னலுக்கு வெளியிலேயே கீச்சுச் சத்தம் கேட்டது. முழுசும் பொரிக்கவில்லை. கொஞ்சம் கூமுட்டை, கொஞ்சம் ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. மிச்சம் ஒரு கூடை நிறைய இருந்தன. புருஷன் பையில் டெஸ்டர் இல்லை. எங்கே என்று கேட்டேன். "புடுங்கி வெச்சுட்டாளுங்க," என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மில் வேன் வந்து பழைய பழக்கத்தில் முக்கில் ஹாரன் அடித்தது. அவள் ஈரம் காயாத ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. வேன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.