படியேறிய லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான், ஊசி. லிஃப்ட் பழுது பார்க்கும்போது பத்து மாடி ஆழக் குழிக்குள் தலையை நீட்டிக் கம்பி வடத்தைச் சாவகாசமாகத் தடவிப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் பஞ்சை மருந்தில் நனைக்கிற வாசனை வந்தால் போதும், வாசலைப் பார்த்து நடந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம்தான் டாக்டரம்மா, ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"சர்க்கரை எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. மூணு மாசம் பார்ப்போம். அடுத்த டெஸ்ட்ல குறையலைன்னா தினம் ஊசிதான்."

"மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்களேன், டாக்டர்."

"இதுக்கு மேல கூட்ட முடியாது. உடம்பை அசைக்கணும். லிஃப்ட்ல போறதை விட்டுட்டுப் படி ஏறுங்க. மனசை லேசா வச்சுக்கங்க, டென்ஷன் ஆகாதீங்க. அடுத்தது யாரு?"

டென்ஷன் ஆகக் கூடாது என்று கேட்டதிலிருந்து அவருக்கு டென்ஷன் இரட்டிப்பாகிவிட்டது.

வீட்டில் அன்றைக்கே அவசரச் சட்டம் அமலுக்கு வந்தது. மனைவிக்குப் பார்சல் ஆபீசில் எடை போடுகிற வேலை. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்குமா? சாப்பாட்டுத் தட்டை எடை பார்த்துத்தான் நீட்டினார். பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போனது, பீரோ சாவி இடுப்புக்குப் போனது. மகள் தன் பங்குக்கு அப்பாவின் போனில் மன அமைதிக்கு ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். அதிலே ஒரு பெண் குரல், தேன் குடித்த மாதிரி. "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். நீங்கள் இப்போது ஒரு பூந்தோட்டத்தில் இருக்கிறீர்கள்" என்று அது சொன்ன நேரத்தில் அவர் லிஃப்ட் குழியின் அடியில், செத்த எலிக்குப் பக்கத்தில், கிரீஸ் டப்பாவோடு குந்தியிருந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். அன்றோடு பூந்தோட்டத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போயிற்று.

ஆனால் படி ஏறுவதை அவர் விடவில்லை. ஊசியை நினைத்தால் கால் தானாக ஏறியது. அவர் பொறுப்பில் இருந்த கட்டடங்களிலேயே பெரியது வசதியானவர்கள் குடியிருந்த பத்து மாடி அடுக்ககம். இரண்டாவது மாடியில் ஜிம் உண்டு. அங்கிருப்பவர்கள் கீழிருந்து ஜிம்முக்கு லிஃப்டில் போவார்கள். போய், படி ஏறுவது மாதிரியே செய்த மெஷின் ஒன்றில் வியர்க்க வியர்க்க ஏறுவார்கள். அப்புறம் லிஃப்டில் இறங்குவார்கள். அந்தக் கட்டடத்தில்தான் நம்மவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறத் தொடங்கினார். முதலில் மூன்றாவது மாடியில் நாக்குத் தள்ளியது. போகப் போக மூச்சு கட்டுக்குள் வந்தது, பேண்ட் இடுப்பில் நழுவியது. அவருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

நாலாவது மாடி அம்மாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"ஏங்க, லிஃப்ட் ஓடலையா?"

"நல்லா ஓடுதேம்மா."

"அப்புறம் ஏன் நீங்க படியில போறீங்க?"

"உடம்புக்கு நல்லதும்மா."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். காசு கட்டாமல் உடம்புக்கு நல்லது செய்துகொள்கிற ஆளை அந்தக் கட்டடம் அதுவரை கண்டதில்லை. சாயங்காலத்துக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற ஆளே அதில் ஏறுவதில்லையாம்! கேட்டால் மழுப்புகிறானாம்! மறுநாள் கட்டடமே படியேறியது. வருஷக்கணக்காக ஜிம் சந்தாவால் முடியாததைப் பயம் ஒரே ராத்திரியில் சாதித்துவிட்டது.

லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் அவரைப் போனில் காய்ச்சி எடுத்தார்.

"ஓட்டல் நடத்துறவன் வீட்டுலேர்ந்து சாப்பாடு கட்டிட்டு வந்தா எவன்யா உள்ள வருவான்? கான்ட்ராக்ட் போயிரும் போல இருக்கு!"

"டாக்டர் சொன்னதுனாலதான் சார் ஏறினேன்."

"புகார் எழுதினதே ஒரு டாக்டர்தான்யா. முதல் மாடி. 'ஒரு டாக்டராகச் சொல்கிறேன், இது உயிர் விஷயம்'னு எழுதியிருக்காங்க. நீ படிப் பக்கமே போகாதே. அவங்களுக்குப் பயம் தெளியற வரைக்கும் லிஃப்ட் உள்ளேயே நில்லு. ஏறுறவங்களைப் பார்த்துச் சிரி."

முதல் மாடி டாக்டர் யாரென்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டு வாசல் பலகையில் இருந்த பெயர்தான் அவருடைய மருந்துச் சீட்டின் தலையிலும் இருந்தது.

அப்புறம் அவர் வேலை நேரம் முழுக்க லிஃப்டுக்குள் நின்றார். ஏறினார், இறங்கினார், சிரித்தார். கட்டடத்துக்குத் தைரியம் திரும்பியது, அவருக்குத் தொப்பை திரும்பியது. பேண்ட் மறுபடி இறுக்கிப் பிடித்தபோது அழுகையே வந்துவிட்டது. டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் டாக்டரம்மா போனைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

"முதல் மாடி" என்றார்.

லிஃப்ட்காரர் பொத்தானை அமுக்கினார். கதவு மூடியதும் டாக்டரம்மாவின் கண் போனிலிருந்து நழுவி அவர் வயிற்றில் நின்றது. அதற்கு மேலே ஏறவில்லை.

"இந்த வயித்தைக் குறைக்கணும் நீங்க. படி ஏறிப் பழகுங்க."

கதவு திறந்தது. டாக்டரம்மா போய்விட்டார். லிஃப்ட்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டைப் பையில் ஆப் வேளை தெரியாமல் விழித்துக்கொண்டு, "இப்போது புன்னகை செய்யுங்கள்" என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் பேச்சைக் கேட்டுப் புன்னகை செய்தார்.

உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சார், ஜனங்களுக்கு மறுபடி பயம் வந்துடக் கூடாது. முழுசாப் பிரிச்சு ஒரு பெரிய சர்வீஸ் போட்டுருவோமா?"

"இப்பத்தான்யா உருப்படியாப் பேசறே!" என்றார் சூப்பர்வைசர்.

மறுநாள் காலை எல்லா மாடியிலும் 'பழுது பார்க்கப்படுகிறது' பலகை தொங்கியது. முட்டி வலிக்காரர்களுக்குப் பின்பக்கம் சாமான் லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குப்பைத் தொட்டி போகிற லிஃப்டில் ஏற மற்றவர்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்கள். லிஃப்ட்காரர் உச்சி மாடி மோட்டார் அறைக்கும் அடிக் குழிக்குமாக நாளெல்லாம் ஏறி இறங்கினார். யார் கேட்பது? லிஃப்ட்தான் ஓடவில்லையே.

சாயங்காலம் முதல் மாடித் திருப்பத்தில் டாக்டரம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார். லிஃப்ட்காரர் பையோடு அவரைத் தாண்டி மேலே போனார்.

"இது எப்பங்க... சரியாகும்?"

"என் ரத்த டெஸ்ட் முடியற வரைக்கும் ஆகும், டாக்டர்."

டாக்டரம்மா அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.