படபடப்புக்கு ஒரு செம்புத் தண்ணீர்

ஸ்டெல்லா சிஸ்டர் தவறிவிட்டார் என்று அவர் தம்பி மகள் சேத்தூரிலிருந்து வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று அவளிடமே வாதாடினேன். என் சந்தேகப் புத்தி ஊருக்கே தெரியும். சிஸ்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அவருக்கு அது தெரிய வந்தது என் மகன் பட்டாளத்துக்குப் போன வருஷம். கடிதம் வரத் தாமதமானால் எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும். சிஸ்டர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு அடுத்த வீடு. ராஜபாளையத்து மில் ஒன்றில் நர்ஸ். அவர்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தார். ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து என் மாமியார் என்னைத் திட்டவில்லை. இருபது வருஷமாகக் குழம்பில் உப்பைக் குறை சொன்னவர், வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார். எனக்கு நாள் நெருங்கிவிட்டது, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். கோயிலுக்குப் போவதையும் விட்டேன். சந்நிதியில் விழுந்து செத்தால் என்னால் நடை சாத்த வேண்டி வருமே!

ஒருநாள் அந்த ஈ.சி.ஜி. தாளை முந்தானையில் மறைத்து, வேறு டாக்டரிடம் காட்ட ராஜபாளையம் பஸ் ஏறினேன். உள்ளே, வேலைக்குப் போகும் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். முந்தானையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தும் கோபிக்கவில்லை.

"ஏட்டி கோதை, நானும் வாரேன். ரெண்டாவது டாக்டரும் சொல்லட்டும். மூணாவதுக்கு நானும் வரமாட்டேன், நீயும் போகக்கூடாது."

அந்த டாக்டரும் இதயம் நன்றாக இருக்கிறது, பயத்தில் வரும் படபடப்பு இது என்றார். வெளியே வந்ததும் கேட்டேன்: "அப்ப எங்க அத்தை ஏன் திட்ட மாட்டேங்காவ?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "அவ பயந்து கெடக்கா, ஒரு மாசம் ஒண்ணும் சொல்லாதியன்னு நாந்தான் சொன்னேன். அவிய இம்புட்டு ஒழுங்காக் கேப்பாவன்னு நான் கண்டனா?"

திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபோதே படபடப்பு வந்தது. சிஸ்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "வெரட்டாத. வீட்டுக்கு வந்தவளுக்குச் செம்புல தண்ணி குடுத்து உக்கார வைக்கமாட்டியா? அப்பிடி வையி. மூச்ச மெதுவா விடு. செத்த நேரத்துல அவளே எந்திரிச்சுப் போயிருவா." வந்த படபடப்பும் அப்படியே எழுந்து போய்விட்டாள்.

மாசம் முடிந்த மறுநாள் மாமியார் குழம்பில் உப்பு இல்லை என்றார். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாயந்திரம் கோயிலுக்கும் போனேன். சிலுவைச் சங்கிலியோடு சிஸ்டர் வாசல் வரை வந்து, என் செருப்புக்குக் காவல் நின்றார்.

அவர் போன செய்தி கேட்ட அன்றும் நெஞ்சு படபடத்தது. உட்கார வைத்தேன். மூச்சை மெதுவாக விட்டேன். படபடப்பு எழுந்து போனது, அழுகை போகவில்லை. இது என்ன நோயோ என்று சந்தேகப்படாமல் அழ முடிந்தது. சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.