வாசலுக்கு வந்தவன்

ஒரு மனிதனின் நல்ல குணத்தை நன்றாகக் கவனித்து வைத்திருந்து, எனக்குத் தேவைப்பட்ட நாளில் அதைக்கொண்டே அவனை விழுத்தினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நாங்கள் வந்து குடியேறிய நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துப் பெட்டிகள் அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்றில் அப்போது வேலை. பாதிப் பேர் எங்கள் தமிழ் ஆட்கள். அவன் பஷ்தூன். ஆப்கானிஸ்தானின் கிழக்கே, எல்லையோரத்து மலை மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவன். என்னைவிட நாலு வயது குறைவு. எங்கள் பெடியள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் 'அண்ணை' என்றான். நாங்கள் கதைத்தது உடைந்த ஆங்கிலமும், அதைவிட மோசமாக உடைந்த பிரெஞ்சும். அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அகலமான ரொட்டி கொண்டுவருவான். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தருவான். இரண்டு வருடம் வாங்கித் தின்றேன். என்னுடைய புட்டை ஒரு நாளாவது அவனிடம் நீட்டியதாக நினைவில்லை.

சாப்பிடும்போது அவன் வாயைக் கிளறுவது எனக்குப் பொழுதுபோக்கு. அவன் ஊரில் ஒவ்வொரு வீடும் மண் கோட்டையாம். மூலையில் ஒரு கோபுரம், அதில் துவக்கு நீட்ட ஓட்டைகள். மேலே பைன் மரக் காடு. அதன் விதையை விற்றுத்தான் சீவியம். அந்தக் காட்டின் எல்லை எந்தப் பாறையில் முடிகிறது என்பதில்தான் நாலு தலைமுறைச் சண்டை.

"வெள்ளைக்காரன் கோபுரத்தை உடைச்சுப்போட்டுப் போனான். திருப்பிக் கட்டினம். ரஷ்யன் உடைச்சான். திருப்பிக் கட்டினம். அமெரிக்கன் பள்ளிக்கூடம் கட்டித் தந்தான். அதை நாங்களே உடைச்சம்" என்பான். சிரிக்காமல் சொல்வான். நான்தான் சிரிப்பேன்.

ஒரு நாள் அவனுடைய தாத்தா காலத்துக் கதை ஒன்று சொன்னான். காட்டுச் சண்டையில் மற்றக் குடும்பத்து ஆள் ஒருவன் தாத்தாவின் தமையனைச் சுட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி ஓடினான். தாத்தாவின் ஆட்கள் பின்னால் துரத்தி வந்தார்கள். அவன் உயிர் தப்ப, திறந்திருந்த முதல் வாசலுக்குள் புகுந்தான். அது செத்தவனின் வீடு. "உங்கட வாசலுக்கு வந்திட்டன்" என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னவனைக் கைவிடக் கூடாது என்பது அவர்கள் முறை. செத்தவனின் பெண்சாதி ரொட்டி கொடுத்தாள். முற்றத்தில் பிணம், உள்ளறையில் கொலைகாரன். மூன்று நாள் வைத்திருந்து, எல்லைவரை காவலோடு கொண்டுபோய் விட்டார்களாம்.

"பேந்து?" என்று கேட்டேன்.

"பேந்தென்ன, அடுத்த வருசம் வயலுக்குள்ள வைச்சுச் சுட்டம்."

"விசர் பிடிச்ச கூட்டம்."

"வாசலுக்கு வந்தது வேற, வயலுக்குள்ள நிண்டது வேற" என்றான். நாலு நாள் இதை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருந்தது. அவனுடைய தம்பி ஊரில் அந்த எதிர்க் குடும்பத்தில் ஒருவனைக் கொன்றுவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இனி இரத்தம் வேண்டாம், பழிக்குப் பதிலாக ஒரு பெண்ணைக் கொடுங்கள் என்று தீர்த்துவிட்டார்கள். தம்பிக்குப் பெண்பிள்ளை இல்லை. இவனுக்கு ஒரு மகள். வயது ஒன்பது. வளரும்வரை தவணை கொடுத்திருந்தார்கள்.

"உங்கட ஊரில பொம்பிளையையும் குடுத்து, சீதனமா வீடும் குடுப்பீங்களாமே. நீங்கள் யாரைக் கொலை செய்தனீங்கள்?" என்று ஒரு முறை என்னைக் கேட்டான்.

அந்தத் தவணை முடியுமுன் மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுப்பதுதான் அவனுடைய ஒரே யோசனை. ஊர் துப்பட்டும், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்பான். விண்ணப்பம் போட்டாயிற்று. வேலையை விடாமல், அரசாங்கத்தின் உதவிப் பணத்துக்குப் போகாமல் இருந்தால் போதும், காரியம் நடந்துவிடும். இதெல்லாம் எனக்கு வரிக்கு வரி தெரியும். என் மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்.

அடுத்த பனி மாரியில் ஒரு காலை, பெட்டி தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுக்கும்போது நான் ஃபோனைப் பார்த்தேன். வண்டி தட்டு ஒன்றில் இடித்து, மேலே அடுக்கியிருந்த மருந்து முழுக்கச் சரிந்து நொறுங்கியது. ஆளுக்கு அடியில்லை. பார்த்த ஆளும் இல்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவதென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பியர்பொன்ட்ஸில் கடனுக்கு வீடு வாங்கி அப்போது நாலு மாதம்.

அவன் பக்கத்து வரிசையில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்த வண்டி ஓட்ட அனுமதி உண்டு. அவன் பேரில் ஒரு கடிதமும் இல்லை. நான் நேரே போய் அவன் முன்னால் நின்றேன்.

"நான் உன்ர வாசலுக்கு வந்திருக்கிறன்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். விழுந்த சத்தம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"அண்ணை, இதைச் சும்மா பகிடிக்குச் சொல்லாதேங்கோ."

"பகிடிக்குச் சொல்லேல்லை."

கையிலிருந்த பட்டியலைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, நடந்துபோய் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தான். மேலாளர் வந்தபோது அதில்தான் இருந்தான். நான் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் தவறுதானே, ஒரு கடிதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பினேனா என்றால், இல்லை. மத்தியானத்துக்குள் அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊர் முறையை மகளுக்காக மீறத் துணிந்தவன், எனக்கு முன்னால் மட்டும் அதை மீறவில்லை. அவனுடைய அந்த முட்டாள்தனத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தாள் ஏன் ஓமெண்டது?"

"அவையின்ர ஊர் முறை அப்பிடி."

வெட்டினதைச் சட்டிக்குள் தள்ளினாள். "அப்ப எங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் அடுத்த நாள் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் அவள் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். அது பொய். போயிருக்க மாட்டேன்.

தவறு செய்து வேலை போனவன் என்ற பெயரோடு அவனுக்கு நல்ல வேலை கிடைக்கவில்லை. அந்த மாரி முழுக்க அலைந்துவிட்டு, கடைசியில் உதவிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டானாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதைக் கிடங்கில் யாரோ சொன்னார்கள். நான் ரொட்டி இல்லாமல் என் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு வருடம் கழித்து, போன மாதம், புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத் தொகுதியில் தரை கழுவும் இயந்திரத்தோடு அவனைக் கண்டேன். தாடி நரைத்திருந்தது. நான் ஒளிக்க முன்னம் அவன் கண்டுவிட்டான். "அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கோ" என்றான். போனேன். அந்தப் பிள்ளை எப்படியோ தப்பிவிட்டாள் என்று அவன் வாயால் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்ற ஆசையில் போனேன்.

சென்ட் லோரன்டில் நிலத்தடி அறை. இறைச்சி போட்டுச் சோறு சமைத்திருந்தான். என் சாப்பாட்டுக் கோப்பையில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான்.

"மகள்?" என்றேன்.

"குடுத்தாச்சு. ரெண்டு வருசமாகுது. அங்க மாடு பாக்கிறாள், தண்ணி சுமக்கிறாள். கொலைக்குப் பதிலா வந்தவளை ஆர் மதிப்பினம்? அடிக்கிறாங்கள்."

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"வீடு தேடி வந்து கேக்கிறவனுக்கு நான் இல்லையெண்டு சொல்லேலாது. அது தெரிஞ்சுதானே கேக்கிறீங்கள்" என்றான். குரலில் கோபம் இல்லை. "மன்னிச்சிட்டன். சாப்பிடுங்கோ."

அவன் இன்னொரு அகப்பை சோறு போட்டான். பிறகு சொன்னான். "ஏன் எங்களைக் கூப்பிடேல்லை எண்டு அவள் ஃபோனில கேட்டாள். வாசலுக்கு வந்த ஒரு மனுசனுக்காக வேலையை விட்டனான் எண்டன். பிறகு, அந்த மனுசனுக்குப் பிள்ளையள் இருக்கோ எண்டாள். உன்ர வயசில ஒரு மகள் எண்டன். அதுக்குப் பிறகு எப்ப கதைச்சாலும், உங்கட மகள் என்ன செய்யிறாளெண்டு கேக்கிறாள். எனக்குத் தெரியாது. இண்டைக்கு நீங்களே வந்திருக்கிறீங்கள். என்ன சொல்ல?"

என் மகள் அந்தக் கிழமைதான் கார் லைசென்ஸ் எடுத்திருந்தாள்.

"படிக்கிறாள்" என்றேன்.

"என்ன படிக்கிறாளெண்டும் கேப்பாள்."

சொன்னேன். அவனுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. கையைத் துடைத்துவிட்டு ஒரு கடதாசித் துண்டும் பேனாவும் எடுத்துவந்து, இன்னொருமுறை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான்.